உடைந்து வரும் படகுக்கு யார் பொறுப்பு?

மாமல்லபுரம், கோவளம் கடற்கரை நீர் விளையாட்டுகளின் களமாக வேகமாக மாறிவருகிறது. அலைச்சறுக்குப் பலகை, துடுப்புப் பலகை, கயாக் என்று வெளியூர்களிலிருந்து இங்கே வந்து இறங்கும் கருவிகள் கூடிக்கொண்டே போகின்றன. ஆனால், பத்தடி நீளப் படகை எப்படிக் கட்டி அனுப்புவது, எப்படி இறக்குவது, வழியில் உடைந்தால் யார் பணம் தருவது என்பதற்கெல்லாம் ஒழுங்கான நடைமுறை இன்னும் உருவாகவில்லை. விரிசல் விட்ட படகை வாங்கியவர் தலையில் கட்டிவிட்டு லாரி கிளம்பிவிட்டால், அது பண நஷ்டத்தோடு முடிவதில்லை. அதே படகு முட்டுக்காட்டு உப்பங்கழியில் இறங்கும்போது உயிர்ப் பிரச்சினையாகிறது.

2023 ஆகஸ்ட்டில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி, 2025 ஆகஸ்ட்டில் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் ஆகியவை மாமல்லபுரத்தில் நடந்தன. கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் 1984 முதல் இயங்கிவருகிறது. கரையோர மீனவ இளைஞர்கள் பலர் பயிற்சியாளர்களாகவும் சிறு தொழில்முனைவோராகவும் இந்தத் துறைக்குள் வந்திருக்கிறார்கள்.

இந்த ஆர்வம் கடலோர ஊர்களோடு நிற்கவில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரிக்கும் மறைமலை நகருக்கும் இடையே இருக்கும் பொத்தேரி ஓர் உதாரணம். பெரிய பல்கலைக்கழக வளாகம், பல மாநிலத்து மாணவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், நாள் முழுவதும் வந்துபோகும் பார்சல் வண்டிகள் என்று இருக்கும் ஊர் அது. வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய்க் கோவளத்தை அடையலாம். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகலாம். வார இறுதியில் கடலுக்குப் போய்வர வசதியான தூரம். இங்கே குடியிருக்கும் ஒருவர் சொந்தமாக ஒரு கயாக் வாங்க நினைப்பதில் வியப்பில்லை.

அப்படி ஒருவர் வேறு மாநிலத்திலிருந்து 45,000 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் கயாக் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். லாரி வாடகை 3,000 ரூபாய். படகு வந்து சேர்கிறது. முன்முனை நசுங்கி, அடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அவர் என்ன செய்ய வேண்டும்?

ஏன் உடைகிறது?

முதல் காரணம் நீளம். பார்சல் கிடங்குகள் ஓரிருவர் தூக்கக்கூடிய பெட்டிகளை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. மூன்று மீட்டர் நீளப் பொதி அங்கே எந்த அடுக்கிலும் அடங்காது. சுவரோரமாக நிமிர்த்தி வைப்பார்கள். இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் அடியில் போடுவார்கள். நிமிர்த்தினால் பின்முனை தரையில் தேய்கிறது. அடியில் கிடந்தால் மேலே ஏறும் பாரத்தில் படகின் வயிறு உள்வாங்குகிறது. ஒவ்வொரு கிடங்கிலும் ஏற்றி இறக்கும்போது இந்த ஆபத்து திரும்பத் திரும்ப வருகிறது.

இரண்டாவது காரணம் கட்டணக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. பெரிய பொதிகளுக்குப் பார்சல் நிறுவனங்கள் உண்மையான எடைக்குப் பதிலாக, இடத்தை வைத்து எடை போடுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000ஆல் வகுப்பது பரவலான முறை. வகுக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

305 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் கொண்ட கயாக்கின் உண்மை எடை 25 கிலோ இருக்கலாம். இந்தக் கணக்கில் அது கிட்டத்தட்ட 171 கிலோ ஆகிவிடுகிறது. சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு நுரைப்பஞ்சு வைத்துக் கட்டினால் 255 கிலோ! படகுக்குப் பாதுகாப்புக் கூடக்கூட வாடகையும் ஏறுகிறது. விற்பவர் பஞ்சைக் குறைத்து, பபிள் ஷீட்டை ஒரு சுற்றுச் சுற்றி அனுப்பிவிடுவதற்கு இதுதான் காரணம்.

இதற்கு எளிய வழி உண்டு. அடி அதிகம் விழுவது இரு முனைகளில். அங்கே மட்டும் பத்து சென்டிமீட்டர் கனத்துக்குத் தொப்பிபோல நுரை வைத்துக் கட்டினால், கணக்கு எடை 182 கிலோவோடு நிற்கிறது. கூடுவது 11 கிலோதான். படகு வாங்குபவர் விலை பேசும்போதே இதைக் கேட்டு வாங்கலாம்.

சுமை இறக்கும் தொழிலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. பிடிக்கத் தோதில்லாத நீளப் பொருளை, நேர நெருக்கடியில், தனி ஆளாக இழுக்க வேண்டிய நிலையில் அவரை வைத்திருப்பது பார்சல் கிடங்குகளின் ஏற்பாடுதான். ‘இரண்டு பேர் தூக்கவும், மேலே பாரம் ஏற்றக் கூடாது’ என்று தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டினாலே பாதிச் சேதத்தைத் தவிர்க்க வாய்ப்பிருக்கிறது.

முதல் ஒரு மணி நேரம்

பொருள் வாசலுக்கு வந்த பிறகு நடக்கும் முதல் ஒரு மணி நேரம்தான் வழக்கின் பலத்தைத் தீர்மானிக்கிறது. கனடா இசைக் கலைஞர் டேவ் கேரலின் அனுபவம் உலகறிந்தது. 2008இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானப் பயணத்தில் அவருடைய கிட்டார் உடைந்தது. 24 மணி நேரத்துக்குள் முறைப்படி புகார் தரவில்லை என்று சொல்லி நிறுவனம் இழப்பீட்டை மறுத்தது. கிட்டாரைச் சரிசெய்ய அவருக்கு ஏறத்தாழ 1,200 டாலர் செலவானது. 2009 ஜூலையில் அவர் அதையே பாட்டாக்கி வெளியிட்டபோது லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். எல்லோருக்கும் அப்படிப் பாட்டுக் கட்ட வராது. ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்க எல்லோராலும் முடியும்.

பொதி கிழிந்திருந்தாலோ, நசுங்கியிருந்தாலோ லாரி நிற்கும்போதே அதைப் படம் எடுக்க வேண்டும். வண்டி எண், பொதியில் ஒட்டியிருக்கும் சீட்டு, நான்கு பக்கத் தோற்றம் ஆகியவை படத்தில் இருக்கட்டும். பிறகு ஓட்டுநர் முன்னிலையிலேயே பிரித்துப் பார்ப்பது நல்லது. கயாக்கின் முன்முனை, பின்முனை, அடிப்பகுதியின் நடுக்கோடு, உட்காரும் இடம், தண்ணீர் வடியும் துளைகளின் விளிம்பு ஆகியவற்றை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

ஓட்டுநருக்குக் காத்திருக்க நேரமில்லை என்றால், டெலிவரி ரசீதில் ‘பொதி கிழிந்த நிலையில் பெறப்பட்டது, உள்ளே திறந்து பார்க்கவில்லை, சேதம் இருக்கலாம்’ என்று எழுதி, நேரத்தையும் குறித்துக் கையெழுத்திட வேண்டும். ஓட்டுநரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளலாம். கைபேசித் திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னால், கிழிந்த பொதியோடு அந்தத் திரையையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த வரியின் கீழ் எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போடுவதுதான் பலரும் செய்யும் பிழை.

அன்றைக்கே விற்றவருக்கும் லாரி நிறுவனத்துக்கும் படங்களோடு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். கிழிந்த அட்டை, நுரை எதையும் தூக்கிப் போடக் கூடாது. கட்டியது போதுமா, போதாதா என்ற வாதம் வரும்போது அவைதான் சாட்சி. அதைவிட முக்கியம், படகைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்துப் பார்க்கக் கூடாது. ஒருமுறை இறக்கிவிட்டால், பயன்படுத்தியதால் வந்த விரிசல் என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு இடம் கிடைத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

விற்பவரே அனுப்பிவைக்கும் ஏற்பாட்டில், இணையம் வழியாக வாங்கியிருந்தால், பொத்தேரிக்காரர் லாரி நிறுவனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அவர் கேட்க வேண்டியது விற்றவரைத்தான். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது.

வாங்குபவரே லாரி பேசி, ‘உங்கள் கிடங்கில் ஏற்றிவிட்டால் போதும்’ என்று சொல்லியிருந்தால் கதை வேறு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, லாரியில் ஒப்படைப்பதே வாங்கியவரிடம் ஒப்படைப்பதாகப் பொதுவில் கருதப்படும். வழியில் ஏற்படும் சேதம் அவர் கணக்கில் சேரும். ஆனாலும், பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான போக்குவரத்து ஏற்பாட்டை விற்பவர் செய்யத் தவறியிருந்தால், பொறுப்பை அவர்மீது திருப்ப அதே சட்டம் வழி விடுகிறது. பொருளைப் பரிசோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்றும் அது சொல்கிறது.

லாரி நிறுவனத்தின் பொறுப்பை வரையறுப்பது 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் சாமானியருக்குத் தேவையான விஷயங்கள் மூன்று.

ஒன்று, நிறுவனம் கவனக்குறைவாக நடந்துகொண்டது என்று நஷ்டப்பட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. சேதம் அதன் பொறுப்பில் இருந்தபோது நேர்ந்தது என்பது போதும்.

இரண்டு, இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. வாடகையின் பத்து மடங்கு வரைதான் கிடைக்கும். அதுவும் பொருளுக்கு எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாது. நம் உதாரணத்தில் 3,000 ரூபாய் வாடகை என்றால் வரம்பு 30,000 ரூபாய். படகின் விலை 45,000. மீதி 15,000 ரூபாய் கைநஷ்டம். கூடுதல் பொறுப்புக்கான கட்டணத்தைத் தருவதாகப் பதிவின்போதே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால்தான் இந்த வரம்பைத் தாண்டிக் கேட்க முடியும். அனுப்பும் படிவத்தில் வரியை மிச்சப்படுத்த மதிப்பைக் குறைத்து எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதும் இதிலிருந்து புரியும்.

மூன்று, பொருள் பதிவான நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்துபூர்வ அறிவிப்பு நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் வழக்கே தொடுக்க முடியாது. தொலைபேசியில் பேசியது கணக்கில் வராது.

மற்ற வழிகளுக்குக் கெடு வேறு. ரயில் பார்சலுக்கு ஆறு மாதம். சர்வதேச விமானச் சரக்குக்கு 14 நாள். விமானத்தில் கூடவே கொண்டுவரும் உடைமைக்கு 7 நாள். கப்பலில் வந்த சரக்கில் வெளியே தெரியாத சேதம் இருந்தால் 3 நாளுக்குள் அறிவிக்க வேண்டும்.

சீட்டின் பின்பக்கப் பொடி எழுத்துக்கும் உயிர் உண்டு. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற நிறுவனம் ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. மாநில நுகர்வோர் ஆணையம் நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு வழங்கியது. ஆனால், கையெழுத்திட்ட சீட்டில் கூரியர் நிறுவனத்தின் பொறுப்பு 100 டாலர் வரைதான் என்று இருந்ததால், 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பையே உறுதிசெய்தது. விலை உயர்ந்த பொருளை அனுப்பும் எவரும் காப்பீடு இல்லாமல் அனுப்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பேச்சுவார்த்தை பலிக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அடுத்த படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், வாங்கியவர் தான் வசிக்கும் இடத்திலேயே புகார் தரலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி. பொத்தேரியில் இருப்பவர் செங்கல்பட்டிலேயே மனு போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. சேதம் நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம்.

வாடகைக்கு விடப் படகு வாங்கியவர் ‘வணிக நோக்கம்’ என்ற பெயரில் தள்ளப்படுவாரோ என்ற அச்சம் கோவளத்துப் பயிற்சியாளருக்கு இருக்கலாம். சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கியிருந்தால் அவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது.

சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். எதனால் செய்த படகு என்று முதலில் தெரிய வேண்டும். சந்தையில் அதிகம் கிடைப்பவை இரண்டு வகை. பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் படகு ஒன்று. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்துச் செய்த ஃபைபர் படகு இன்னொன்று. பிளாஸ்டிக் வகையில் சந்தேகம் இருந்தால், விளிம்பிலிருந்து நகக்கண் அளவு சுரண்டி எடுத்துத் தண்ணீரில் போடலாம். பாலிஎத்திலீன் மிதக்கும். ஏபிஎஸ், பிவிசி இரண்டும் மூழ்கும்.

பாலிஎத்திலீன் படகு நசுங்கியிருந்தால் பதற வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டத்து வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். பள்ளம் விழுந்த பக்கத்தை வெயிலில் காட்டி, சூடேறியதும் உள்ளிருந்து மெல்ல அழுத்தினால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அடங்காவிட்டால், நன்கு சூடான தண்ணீரைத் துணி வழியாக ஊற்றி அழுத்தலாம். நெருப்பைக் காட்டக் கூடாது.

விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, படகை இரண்டு மரத்தாங்கிகள்மேல் வைத்து, உள்ளே ஒரு வாளித் தண்ணீர் விட்டு, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, எங்கே கசிகிறது என்று கவனிக்க வேண்டும். மிதிவண்டிக் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழியைத் தேடுவதன் தலைகீழ் வடிவம் இது.

பலரும் முதலில் கையில் எடுப்பது எம்-சீல் அல்லது ஃபெவிக்விக். பாலிஎத்திலீனில் இரண்டும் நிலைக்காது. அந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு பசையைப் பிடித்துக்கொள்ளாத இயல்புடையது. ஃபைபர் ரெசினும் அதில் உரிந்து வந்துவிடும். விரிசல் மேலும் ஓடாமல் இருக்க அதன் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, விரிசலை ‘வி’ வடிவத்தில் செதுக்கி, சூடான காற்றில் இளக்கி, அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியை உருக்கிச் சேர்ப்பதுதான் சரியான முறை.

இந்த வேலை தெரிந்தவரைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மொட்டை மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் பெரும்பாலான கயாக்கும் ஒரே முறையில், அச்சைச் சுழற்றிச் சூடாக்கி வார்க்கப்படுபவை, மூலப்பொருளும் பாலிஎத்திலீன்தான். தொட்டிக்கு வெல்டிங் செய்யத் தெரிந்தவரால் கயாக்குக்கும் செய்ய முடியும். கார் பம்பர் வெல்டிங் செய்பவரிடம் கொடுத்தால் மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அந்தக் கம்பி பாலிஎத்திலீனோடு சேராது. அதே படகிலிருந்து சீவி எடுத்த துண்டு அல்லது தயாரிப்பாளர் தரும் கம்பிதான் பாதுகாப்பு.

ஃபைபர் படகின் கதை வேறு. வெளியே மயிரிழை போலத் தெரியும் கீறலுக்கு அடியில் பெரிய பகுதி உரிந்து நிற்கலாம். ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உரிந்த இடத்தில் மந்தமாகக் கேட்கும். மந்தமான பகுதி முழுவதையும் சுற்றிக் கோடு போட்டு, அதுவரை தேய்த்து எடுக்க வேண்டும்.

ஓட்டைக்கு மேல் ஒரு துண்டுக் கண்ணாடி இழை விரிப்பை (மேட்) ஒட்டிவிடுவது பழுது பார்ப்பதாகாது. சுவரின் கனத்தைப்போல் ஏறக்குறைய 12 மடங்கு தூரத்துக்குச் சுற்றிலும் சரிவாகத் தேய்த்து, சிறியதும் பெரியதுமாக மேட்டுகளை ரெசினில் நனைத்து அடுக்கி, ரோலரால் காற்றை வெளியேற்றி, கடைசியில் ‘ஜெல்கோட்’ என்ற மேற்பூச்சைப் பூச வேண்டும். 4 மில்லிமீட்டர் சுவர் என்றால் சுற்றிலும் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் தேய்ப்பு. உப்புப் படிந்திருந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவிட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாள்களில் திறந்த வெளியில் செய்யும் ஃபைபர் வேலை ஈரத்தால் கெட்டுப்போகும்.

வீட்டிலேயே முயல்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ரெசினை இறுகச் செய்யும் கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஒன்றை முதலில் ரெசினில் முழுதாகக் கலந்த பிறகே மற்றது. கண்ணாடி இழைத் தூசிக்கு முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் செய்யும் வேலை இல்லை இது.

உட்காரும் இடத்தில் நீண்ட விரிசல், நடுமுதுகு மடிந்த படகு, வடிதுளை முழுதாகப் பிய்ந்த படகு ஆகியவற்றில் பழுதை ஏற்காமல் மாற்றுப் படகு கேட்பதே முறை. வெற்றுடலுக்குள் தண்ணீர் புகுந்த கயாக் தாழ்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, கவிழ்கிறது. முகத்துவாரத்தின் நீரோட்டத்தில் அது நடந்தால் நீந்தத் தெரிந்தவருக்கும் ஆபத்து.

எதையும் சரிசெய்வதற்கு முன்னால் விற்றவர், லாரி நிறுவனம், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவருக்கும் ஒரு தேதி குறிப்பிட்டு, ‘அதற்குள் வந்து பார்வையிடுங்கள், பிறகு வேலை தொடங்கும்’ என்று எழுதிவிட வேண்டும். இரண்டு இடங்களில் மதிப்பீடு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கரையில் இருக்கும் தொழில்

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை, தேவனேரி, கொக்கிலமேடு என்று எந்த மீனவர் குப்பத்துக்குப் போனாலும் மணலில் ஃபைபர் படகுகள் நிற்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன்னால் இங்கே கட்டுமரங்கள் நின்றன. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய உலக உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் இழுத்து ஏற்றக்கூடிய புதிய படகு வடிவங்களைச் சோதித்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கரையின் தோற்றத்தையே மாற்றின.

படகுகளோடு ஒரு தொழிலும் வளர்ந்தது. அலையில் மோதி உடைந்த படகை மறுநாள் கடலுக்கு அனுப்பும் அளவுக்குக் கைதேர்ந்தவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். ஒரு கயாக்கின் விரிசல் அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. ஆனால், அவர்கள் தரும் துண்டுச்சீட்டைக் காப்பீட்டு நிறுவனமோ, வெளிமாநில விற்பனையாளரோ மதிப்பதில்லை. அச்சிட்ட ரசீது, வேலை விவரம், வரி எண் என்று கேட்கிறார்கள். திறமை கையில் இருந்தும் காகிதத்தில் இல்லாததால், படகுக்காரர் புதிதாக ஒன்று வாங்குகிறார். கரைத் தொழிலாளிக்கு வேலை போகிறது. நூறாண்டுக்கும் மக்காத ஒரு பிளாஸ்டிக் உடல் குப்பைமேட்டில் சேர்கிறது.

மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று ‘பழுதுநீக்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசி போன்ற மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் முன்னிலை பெற்றன. விளையாட்டுக் கருவிகள் அந்தப் பட்டியலில் இல்லை. கடல் விளையாட்டை வளர்க்க விரும்பும் தமிழ்நாடு அதைக் கேட்டுப் பெற வேண்டிய நேரம் இது.

என்ன செய்யலாம்?

விற்பவர்கள்: படகின் விலைப் பட்டியலிலேயே ‘போக்குவரத்துக் காப்பீட்டுடன்’, ‘காப்பீடு இல்லாமல்’ என்று இரண்டு விலைகளைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பிளாஸ்டிக் கயாக்கோடும் அதே பிளாஸ்டிக்கில் செய்த இரண்டு வெல்டிங் கம்பிகளை இணைத்து அனுப்ப வேண்டும். முனைகளுக்கு நுரைத் தொப்பி கட்டாயமாகட்டும்.

போக்குவரத்து நிறுவனங்கள்: டெலிவரி ரசீதிலும் கைபேசிச் செயலியிலும் ‘சேதத்துடன் பெற்றேன்’, ‘திறந்து பார்க்கவில்லை’ என்ற இரண்டு கட்டங்களைத் தமிழில் சேர்க்க வேண்டும். இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பொதிகளுக்கு, பிரித்துப் பார்த்துப் பெறும் முறையைப் பொதுவாக்க வேண்டும். முனைக் காப்புக்காகக் கூடும் நீளத்தைக் கட்டணக் கணக்கிலிருந்து விலக்கினால், அனுப்புபவர்கள் தாங்களே நன்றாகக் கட்டுவார்கள்.

மாவட்ட நிர்வாகம்: பத்து மடங்கு வரம்பு, 180 நாள் கெடு, 1915 எண், செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்தின் முகவரி ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டு, ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் உள்ள பார்சல் அலுவலகங்களில் ஒட்டச் செய்யலாம். செலவு மிகக் குறைவு. பயன் கயாக்கோடு நிற்காது. மெத்தை, கண்ணாடி, சக்கர நாற்காலி வாங்குபவர்களுக்கும் உதவும்.

கல்வி நிறுவனங்கள்: கிண்டியில் 1968 முதல் இயங்கும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான சிபெட், பிளாஸ்டிக் வெல்டிங்கில் சில நாள் பயிற்சியைக் கடலோரத் தொழிலாளர்களுக்காகவே நடத்தலாம். கானத்தூரில் உள்ள கடல்சார் பல்கலைக்கழகமும் பொத்தேரி, காட்டாங்கொளத்தூர்ப் பகுதிப் பொறியியல் கல்லூரிகளும் கூட்டாக ஒரு சோதனைக்கூடத்தைத் திறந்துவிட்டால், பழுதுபார்த்த படகின் வலிமையைச் சோதித்து எழுத்தில் சான்று தர முடியும். மாணவர்களுக்கு அது பாடம். ஃபைபர் தொழிலாளிக்கு அது அங்கீகாரம்.

பயிற்சிப் பள்ளிகளும் சங்கங்களும்: தனித்தனியாக ஒரு படகு, இரண்டு படகு என்று வரவழைப்பதைவிட, பல பள்ளிகள் சேர்ந்து ஒரே லாரியை முழுதாக அமர்த்தினால் இடையில் கிடங்கு மாற்றமே இருக்காது. கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ கூரை போட்ட ஒரு பொதுப் பழுதுக் கூடம் அமைத்து, ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன்னால் வாடகைப் படகுகள் அனைத்தையும் தண்ணீர்ச் சோதனை செய்து, தேதியிட்ட சீட்டு ஒட்டலாம். சீட்டு இல்லாத படகை முட்டுக்காட்டில் இறக்க அனுமதிக்கக் கூடாது.

வாங்குபவர்கள்: அடுக்குமாடியில் வசிப்பவருக்கு மடிப்புக் கயாக், காற்றடிக்கும் கயாக் ஆகியவையும் நல்ல தெரிவுகள். ஜெர்மானியரான ஆஸ்கர் ஸ்பெக் 1932இல் உல்ம் நகரிலிருந்து மடிப்புக் கயாக்கில் கிளம்பி, இந்தியக் கரையோரமாகவும் பயணித்து, 1939இல் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான சாய்பாய் தீவை அடைந்தார். பைக்குள் அடங்கும் படகைச் சாதாரணப் பார்சலாகவே அனுப்பலாம். இடத்துக்கான கட்டணமும் குறையும். கெட்டியான உடல் கொண்ட படகுதான் வேண்டும் என்றால், பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: வழியில் சேதமானால் பொறுப்பு யாருடையது, காப்பீடு எந்தத் தொகைக்கு, பழுதுபார்க்கும் செலவை ஏற்பது யார்.